வாவிக்கரையில் யப்பானிய மொழி

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர்களைப் போன்று பொருள் பொதிந்த இடப்பெயர்கள் வேறெங்கேனும் உண்டோ என்று நான் எண்ணி வியப்பதுண்டு. கதிரவன் எழும் கீழைக்கரை எழுவான்கரை. அவன் சாயும் மேலைக்கரை படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நீர்ப்பரப்பை நடுவே வைத்து, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய மணற்பட்டியாக ஒன்றும், வயலும் காடும் மேய்ச்சல் நிலமுமாக விரிந்த பெருநிலமாக மற்றொன்றும் அமைந்துள்ளன. இவ்வூர்க் குழந்தைக்குத் திசைகளைக் கற்பிக்க வேண்டியதில்லை. எந்தக் கரையில் பிறந்தோம் என்பதை அறியும்போதே கிழக்கையும் மேற்கையும் அது அறிந்துவிடுகிறது.

யப்பான் நாட்டார் தம் நாட்டை 'நிஹோன்' என்று அழைப்பர். அப்பெயரின் முதற்பகுதி ஞாயிற்றையும், பிற்பகுதி மூலத்தையும் குறிக்கும். ஞாயிறு தோன்றுமிடம் என்பது பொருள். கி.பி. 607ஆம் ஆண்டில் யப்பானிய அரசவை சீனப் பேரரசருக்கு விடுத்த திருமுகத்தில், தம் வேந்தரைக் கதிர் எழும் நாட்டின் வானவர் மைந்தர் என்றும், சீன வேந்தரைக் கதிர் படும் நாட்டின் வானவர் மைந்தர் என்றும் குறித்திருந்ததாம். சீனப் பேரரசர் பெருஞ்சினம் கொண்டார் என்று வரலாறு கூறுகிறது. படுவான்கரைக்காரரைச் சற்று ஏளனமாக நோக்கும் எழுவான்கரை நண்பர்கள் சிலரை நானும் அறிவேன். ஆதலின் அந்தச் சினத்தின் காரணம் எனக்கு எளிதில் விளங்கிற்று.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் படுவான்கரைக்குப் பிரயாணம் மேற்கொண்டதற்கும் யப்பானிய மொழியே காரணமாயிற்று. என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழ் கற்ற மாணவியொருத்தி மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் யப்பான் சென்று, நீகதா மாகாணத்தில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராகப் பணியாற்றுகிறாள். நான்கு வார விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தவள், "சேர், ஒருநாள் வீட்டுக்கு வாங்க. யப்பான் மொழியிலே நீங்க கற்பித்த இலக்கணத்தைக் கண்டேன்" என்று தொலைபேசியில் கூறினாள். தமிழாசிரியன் ஒருவனை வீட்டுக்கு அழைப்பதற்கு இதைவிடச் சிறந்த தூண்டில் வேண்டுமோ?

காலை எட்டு மணியளவில் கல்லடிப் பாலத்தை வந்தடைந்தேன். 1924இல் கட்டப்பெற்று, அக்காலத் தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயரைத் தாங்கிய பழைய இரும்புப் பாலம் ஒருபுறம். 2013இல் திறக்கப்பெற்ற புதிய பாலம் மறுபுறம். பாடும் மீன்களைப் பற்றிக் கேள்வியுற்று நிலாக் காலத்தில் இங்கு வருவோர் பலர். அந்த ஒலியை எழுப்புவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. யாழ் நூல் இயற்றிய விபுலானந்த அடிகளோ அவ்விசையை நீரர மகளிர் பாடுவதாகவே கண்டார். அடிகளின் சமாதி பாலத்துக்கு அப்பால், கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவினுள் உள்ளது.

புதிய பாலம் யப்பானியக் கடனுதவியால் எழுந்தது. ஆயினும் இக்கரைக்கும் யப்பானுக்கும் ஏற்பட்ட முதல் தொடர்பு பாலத்தால் ஏற்பட்டதன்று. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள், திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு அகன்று தெற்கே வந்த 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை, மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்தன. தன்னைக் காத்துக்கொள்ள அக்கப்பலில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. 307 பேர் மாண்டனர். கப்பல் இன்றும் நம் கடலடியில் கிடக்கிறது; முத்துக்குளிப்பாரைப் போலச் சுழியோடிகள் அதனைக் காணச் செல்கின்றனர். ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின், 1951இல், சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் பிரதிநிதியாகப் பேசிய ஜே. ஆர். ஜயவர்த்தன, யப்பானிடம் போர் நட்டஈடு எதனையும் கோரமாட்டோம் என்று அறிவித்தார். யப்பானியர் அதனை மறக்கவில்லை என்பதற்கு நம் வாவியின் பாலங்களும் ஓரளவு சான்றாகலாம்.

பாலத்தைக் கடந்ததும் இடப்புறம் கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளைக் காணும்போது மற்றொரு நினைவு எழாமற் போகாது. மட்டக்களப்புச் சிறுவர் யாவரும் எந்த வகுப்புக்கும் செல்லாமலே கற்றுக்கொண்ட யப்பானியச் சொல் ஒன்று உண்டு, அது 'சுனாமி'. 'சு' என்பது துறை, 'நாமி' என்பது அலை. ஆழ்கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தோர் ஏதொன்றும் உணராமல் கரை திரும்பி, தம் துறை அழிந்து கிடக்கக் கண்டமையால் இப்பெயர் வந்ததென்பர். 2004 டிசம்பர் 26க்கு முன்னர் இச்சொல்லை நம்மூரில் அறிந்திருந்தவர் எத்தனை பேர்? நாவலடியிலும் கல்லடிக் கடற்கரையிலும் அன்று உறவினரை இழந்தவர்க்கு அது இனி அயற்சொல் அன்று. ஆழிப்பேரலை என்று நாம் அழகாக மொழிபெயர்த்துக்கொண்டோம். எனினும் வீடுகளில் வழங்குவது சுனாமி என்பதே.

பஸ் வண்டி காத்தான்குடியின் நெரிசலையும் ஆரையம்பதியையும் கடந்து சென்றது. மண்முனைச் சந்தியில் இறங்கி, முச்சக்கர வண்டியில் பாலத்துக்கு வந்தேன். இதுவும் யப்பானியர் கைங்கரியமே. ஆனால் கடனன்று, நன்கொடை. 2014இல் திறக்கப்பெற்றது. அதற்கு முன் இங்கு 'பாதை' ஓடிற்று. வெளியூர் வாசகர்க்கு ஒரு விளக்கம் கூற வேண்டும். மட்டக்களப்பில் பாதை என்றால் தெரு மட்டுமன்று. ஆட்களையும் சைக்கிள்களையும் மாட்டு வண்டிகளையும் சுமந்துகொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர். நிலத்தில் தெரு முடியுமிடத்தில், தெருவே நீரில் இறங்கி மிதக்கிறது என்று கண்டவர்கள் இட்ட பெயர் போலும்! போர்க்காலத்தில் இந்தத் துறை இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே அமைந்த எல்லையாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பாதை ஏறுவர். என் மாணவியும் அவ்வாறு கடந்தவர்களில் ஒருத்தி. அப்போது அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரரைத் தரிசித்துவிட்டு அவள் வீட்டை அடைந்தபோது பத்து மணி கடந்துவிட்டது. முற்றத்தின் ஒரு பக்கத்தில் பழைய ஓட்டு வீடு. மறு பக்கத்தில் கல்வீடொன்று கூரையளவில் எழுந்து நின்றது. மட்டக்களப்பு வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது. மணம் முடிப்பவனே மனைவி வீட்டுக்கு வருவான். ஆதலால் அந்தச் சுவர்கள் எந்தச் சம்பளத்தில் எழுகின்றன, எவருக்காக எழுகின்றன என்று வினவ வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

"வாங்க சேர், இரிங்க" என்று தாயார் கதிரையை நகர்த்தினார். மகள் சிரித்துக்கொண்டே, "சேர், அம்மா இப்ப யப்பான் மொழி பேசிட்டா" என்றாள்.

யப்பானிய மொழியில், ஓரிடத்தில் இருத்தலைக் குறிக்கும் வினை 'இரு' என்பதேயாம்! ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. அருகிலிருந்த தாய்மாமன் இதனைக் கேட்டதும் நிமிர்ந்து அமர்ந்தார். தமிழிலிருந்தே யப்பானிய மொழி பிறந்தது என்று தாம் எங்கோ வாசித்திருப்பதாகவும், அது மெய்தானே என்றும் என்னை வினவினார். தமிழாசிரியனாகிய நான் உடனே தலையசைப்பேன் என்று அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும்.

இதனைச் சற்று விரித்துக் கூறல் தகும். யப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ என்பார் டோக்கியோவின் ககுஷுயின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். 1919இல் பிறந்து 2008இல் மறைந்தார். தம் நாட்டின் பழைய இலக்கியத்தில் துறைபோகிய அவர், நடுவயது கடந்த பின் தமிழ் கற்கத் தொடங்கிச் சென்னைக்கு வந்து தங்கினார். தமிழ்ச் சொற்களுக்கும் பழைய யப்பானியச் சொற்களுக்கும் இடையே நூற்றுக்கணக்கான ஒப்புமைகளைத் தொகுத்து, நெற்பயிரோடும் உலோகத் தொழிலோடும் தமிழ் பேசுவோர் மொழி யப்பானுக்குச் சென்றிருத்தல் வேண்டும் என வாதித்தார். தைப்பொங்கலையும், சனவரி நடுவில் யப்பானியக் கிராமங்களில் நிகழும் சிறு புத்தாண்டுச் சடங்குகளையும் அவர் ஒப்பிட்டார். தமிழ்நாட்டில் பேராசிரியர் பொற்கோவும், நம் நாட்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து உழைத்தனர். சண்முகதாஸ் தம்பதியர் யப்பானிலேயே தங்கி அந்நாட்டு மொழியைக் கற்று ஆய்ந்தவர்கள். அந்நாட்டின் மிகப் பழைய பாடற்றொகையான மன்யோஷுவிலிருந்து அம்மையார் தமிழுக்குக் கொண்டுவந்த காதற் பாடல்கள், அக்கல்வி நமக்கு ஈந்த கனியாகும்.

ஆயினும் ஓனோவின் முடிவை உலக மொழியியலாளரிற் பெரும்பாலோர் ஏற்றிலர். யப்பானிலேயே கடுமையான மறுப்புகள் எழுந்தன. வினை இறுதியில் நிற்றலும், வேற்றுமையுருபு பெயரின் பின் வருதலும் தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் மட்டும் உரியன அல்ல. கொரிய மொழியிலும், மொங்கோலியத்திலும், துருக்கியிலும், ஏன், நம் அயலிலுள்ள சிங்களத்திலும் உள்ளன. 'இரு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் பழைய யப்பானிய வடிவம் 'விரு' என்பது. முதலில் ஒரு வகரம் இருந்து பின்னர் தேய்ந்து போயிற்று. இன்று காதுக்கு ஒன்றாக ஒலிப்பது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு ஒலிக்கவில்லை. மாமனாரிடம் இதனைக் கூறியபோது அவர் முகம் சற்று வாடிற்று. ஆனால் அந்தப் பழைய சொல்லின் பொருள் 'உட்காருதல்' என்பதைக் கேட்டதும், "எங்கட இரிங்கவும் அதுதானே!" என்று அவர் மீண்டும் மலர்ந்துவிட்டார். அவரை மறுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதைவிட, அப்போது தேநீர் வந்துவிட்டது என்பதே சரி.

உறவு உண்டோ இல்லையோ, ஒப்புமை பயன் தரும் என்பதே என் மாணவி கண்ட உண்மை. மட்டக்களப்பு நகரில் எட்டு மாதங்கள் அவள் யப்பானிய வகுப்புக்குச் சென்றாள். அங்கே இருந்த நூல்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் விளக்கம் தருவன. ஆங்கிலம் கற்றோர்க்கு யப்பானிய வாக்கியம் தலைகீழாகத் தோன்றும். ஆதலின் அந்நூல் பல பக்கங்களில் அதனை விளக்குகிறது. தமிழ் மாணவி அந்த விளக்கத்தைப் புரிந்துகொள்ள முதலில் ஆங்கிலத்துக்கு ஏறி, பின்னர் யப்பானியத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. "மூணாம் மாதம் ஒருநாள் ஆங்கிலத்தை மூடிவைச்சிட்டு, சொல்லுக்குச் சொல் தமிழை எழுதிப் பார்த்தேன் சேர். அப்படியே வந்து இருந்திட்டுது" என்றாள்.

அவள் தன் அப்பியாசக் கொப்பியைக் காட்டினாள். 'வதஷி வா இயே நி இமஸ்.' வதஷி நான், இயே வீடு, நி இல், இமஸ் இருக்கிறேன். 'வா' எழுவாயை எடுத்துக் காட்டும் இடைச்சொல். ஒரு சொல்லையேனும் இடம் மாற்ற வேண்டியதில்லை. நம் உம்மைக்கு அங்கே 'மொ' உண்டு: 'வதஷி மொ' என்றால் நானும். 'என்று' என நாம் பிறர் கூற்றை முடிப்பது போல அவர்கள் 'தொ' என முடிப்பர்.

இவற்றினும் என்னை வியப்பில் ஆழ்த்தியவை துணைவினைகள். நாம் 'படித்துப் பார்' என்கிறோம். பார்த்தல் இங்கே கண்ணின் தொழிலன்று, முயலுதல். யப்பானியரும் 'யொந்தே மிரு' என்பர். 'யொந்தே' படித்து, 'மிரு' பார். நாளைக்குத் தேவைப்படும் என ஒன்றை 'வாங்கி வை' என்கிறோமல்லவா? அவர்கள் 'கத்தே ஒகு' என்பர். 'கத்தே' வாங்கி, 'ஒகு' வை. 'கொண்டு வா' என்பது 'மொத்தே குரு'. இவற்றை ஆங்கிலத்தில் விளக்கப் புகுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி வேண்டும். வாவிக்கரைச் சிறுமிக்கோ இவற்றை எவரும் விளக்க வேண்டியதில்லை.

சுட்டெழுத்துகளின் செய்தியைக் கேட்டால் ஈழத்தவர் சற்றுப் பெருமிதம் கொள்ளலாம். தொல்காப்பியர் அ, இ, உ என மூன்று சுட்டுகள் கூறினார். தமிழகத்துப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்துபோக, ஈழத்தில், சிறப்பாக யாழ்ப்பாணத்தில், 'உது' இன்னும் உயிரோடு உள்ளது: எனக்கு அண்மையில் இருப்பது இது, கேட்போனாகிய உனக்கு அண்மையில் இருப்பது உது, இருவர்க்கும் சேய்மையில் இருப்பது அது. யப்பானியர் இதே பாகுபாட்டை 'கொரே, சொரே, அரே' எனப் போற்றி வருகின்றனர். எது என்பதற்கு 'தொரே'. வகுப்பில் 'சொரே' என்பதன் பொருளை ஆசிரியர் அரைமணி நேரம் விளக்கியபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாணவனொருவன், "உது எண்டு சொல்லுங்கோவன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டானாம்.

எல்லாம் இவ்வாறு இனிமையாகவே அமைந்துவிடும் என்று மாணவர்கள் எண்ணிவிடலாகாது. தமிழ் உதவும் இடங்களைப் போலவே தமிழ் இடறும் இடங்களும் உள. நம் எழுத்தில் ககரம் ஒன்றே. சொல்லின் நடுவில் தனித்து வரும்போது அது தானே மெலிந்து ஒலிக்கும். யப்பானியருக்கோ வல்லொலியும் மெல்லொலியும் வெவ்வேறு எழுத்துகள், வெவ்வேறு பொருள்கள். வன்மையாகக் 'ககி' என்றால் ஒருவகைப் பழம். நடுவெழுத்தை மென்மையாக்கினால் திறவுகோல். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு மூதாட்டி பழம் கேட்க, இவள் ஓடிச் சென்று அலமாரித் திறவுகோலைக் கொண்டுவந்து நீட்டினாள், அறையே சிரித்ததாம். இரட்டித்த மெய்யில் மட்டும் நமக்கு இடர்ப்பாடில்லை. 'கிதே' என்றால் வா. 'கித்தே' என்றால் தபால் முத்திரை. ஆங்கிலேயர் திணறும் இவ்விடத்தை 'மட்டக்களப்பு' என்று நாள்தோறும் உச்சரிக்கும் நாவு இலகுவாகக் கடந்துவிடும். ஆனால் அப்பெயரை யப்பானியரைக் கொண்டு சொல்விப்பது எளிதன்று. அவர்களுக்கு லகர, ளகர, ழகரங்கள் இல்லை. யாவும் ஏறத்தாழ ரகரமே.

திணைப் பாகுபாடும் சுவையானது. இருத்தலைக் குறிக்க அவர்களிடம் இரண்டு வினைகள் உண்டு: உயிருள்ளவற்றுக்கு 'இரு', உயிரற்றவற்றுக்கு 'அரு'. நம் உயர்திணை அஃறிணை போலத் தோன்றினும் கோடு வேறிடத்தில் விழுகிறது. நாம் மாட்டைக் கல்லோடு சேர்த்து அஃறிணை என்கிறோம். அவர்கள் மாட்டை மனிதரோடு சேர்த்துவிட்டனர். மாடு மேய்க்கும் படுவான்கரையில் பிறந்தவளுக்கு அந்தக் கணக்கே நியாயமாகத் தோன்றிற்றாம்.

எழுத்து என்பது தனி மலை. 'ஹிரகனா', 'கதகனா' என்னும் இரண்டு ஒலியெழுத்து வரிசைகளும் ஒரு மாதத்தில் வசப்படும். அவற்றின் அடைவு அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந என நடந்து, ம, ய, ர, வ என முடியும். இது தற்செயலன்று, புத்த சமயத்தோடு அங்கு சென்ற வடமொழி எழுத்து முறையைப் பின்பற்றி அமைந்தது. 1893இல் சிக்காகோ செல்லும் வழியில் யப்பானைக் கண்ட சுவாமி விவேகானந்தர், அங்குள்ள கோயில்களில் வடமொழி மந்திரங்கள் பழைய வங்க எழுத்தை ஒத்த வடிவில் எழுதப்பட்டிருத்தலைக் கண்டு, சென்னை அன்பர்களுக்கு எழுதிய மடலில் குறிப்பிட்டார். நம் சரசுவதியும் 'பென்சைதென்' என்ற பெயரில், கையில் வீணை போன்ற கருவியோடு, நீர்நிலைகளின் அருகே அங்கு கோயில் கொண்டிருக்கிறாள். ஆனால் மூன்றாவது எழுத்து வகையாகிய சீனச் சித்திர எழுத்துகளில் அன்றாடத் தேவைக்கென அந்நாட்டரசு வகுத்திருப்பவை 2,136. இவள் இதுவரை ஆயிரத்துக்குச் சற்று மேல் கற்றிருக்கிறாள். நோயாளியின் உடல்வெப்பத்தையும் உண்ட அளவையும் இரவு அறிக்கையில் எழுத வேண்டுமாகையால், தவறெழுதினால் மறுநாள் மருந்து தவறும் என்ற அச்சமே தனக்கு ஆசிரியர் என்றாள்.

நூலில் இல்லாத மொழியும் ஒன்று உண்டு. அது கிழவர்களின் மொழி. 'கொவாய்' என்றால் பயமாயிருக்கிறது என்று பாடநூல் கூறும். ஆனால் அந்நாட்டின் வடபகுதிகளில் முதியோர் வாயில் அதற்கு உடல் ஓய்ந்து களைப்பாயிருக்கிறது என்பது பொருள். அதை அறியாதவள், நெஞ்சடைத்துக் கிடக்கும் கிழவியிடம், "பயப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அகன்றுவிடக்கூடும். கொழும்பிலிருந்து வரும் வைத்தியரிடம் நம்மூர் ஆச்சி 'மறுகா' என்றால் அவர் விழிப்பது போலத்தான். பராமரிப்புத் தொழிலில் மொழி என்பது அலங்காரமன்று; வலி எங்கே என்று அறியும் கருவி.

நீகதாவைப் பற்றி அவள் கூறியவற்றை எழுதப் புகுந்தால் இவ்விதழ் போதாது. மாரியில் ஆளுயரப் பனி. கோடையில் கண்ணுக்கு எட்டிய வரை நெல். 'நீ' என்பது புதிய; 'கதா' என்பது களப்பு. புதுக்களப்பு! மட்டக்களப்பிலிருந்து புதுக்களப்புக்குப் போன பெண் என்று நான் கூறியபோது, இதனை அவள் மூன்றாண்டுகளாகத் தனக்குள் வைத்துக்கொண்டிருந்ததை அவள் கண்கள் காட்டின. அந்நகரைச் சூழ இன்றும் களப்புகள் உள்ளன. மாரிக்காலத்தில் வடக்கேயிருந்து அன்னங்கள் வந்து தங்குமாம். வயலில் நிற்பது 'இனே', குத்தியது 'கொமே', சமைத்தது 'கோஹன்'. நெல், அரிசி, சோறு என்று மூன்று சொல் வைத்திருக்கும் நமக்கு இது இயல்பாகத் தோன்றும். மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்கும் ஆங்கிலேயர் வயலில் இறங்கியவர்கள் அல்லர் என்பது என் அபிப்பிராயம்.

நண்பகல் உணவின் பின் பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று. 2019இல் இலங்கையும் யப்பானும் செய்துகொண்ட உடன்பாட்டின் பின், குறித்த தொழில்களுக்கு நம் இளைஞர் அங்கு செல்ல வழி பிறந்தது. அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு இருபத்தொன்பது பேரளவில் 65 வயதைத் தாண்டியவர்கள். முதியோரைத் தாங்கக் கைகள் போதா. ஆனால் இந்த விசாவில் ஐந்து ஆண்டுகளே தங்கலாம். குடும்பத்தை அழைத்துக்கொள்ளவும் இயலாது. பராமரிப்புத் தொழிலில் அந்நாட்டின் தேசியத் தேர்வில் தேறியவர்க்கே நிலையாகத் தங்கும் கதவு திறக்கும். மூன்றாண்டு வேலை செய்தவரே அத்தேர்வுக்குத் தோற்றலாம். ஆண்டுக்கு ஒருமுறை, சனவரி இறுதியில் நடைபெறும் அத்தேர்வு முழுவதும் யப்பானிய மொழியிலேயே அமையும். இவளுக்கு எஞ்சியிருப்பவை இரண்டு வாய்ப்புகள்.

"தேறாவிட்டால்?" என்று மாமனார் கேட்டார்.

"வீடு முடிஞ்சிடும் மாமா. நான் வந்திடுவன்" என்றாள். "தேறினால்?" என்று அவர் கேட்கவில்லை. தாயாரின் முகத்தை நோக்கியபோது, அவர் அஞ்சுவது அந்த இரண்டாவது வினாவையே என்பது எனக்கு விளங்கிற்று. எழுந்து நிற்கும் கல்வீட்டில் விளக்கேற்ற மகள் திரும்புவாளா என்பது, பனி நாட்டில் ஒரு சனவரி மாதத்தில் எழுதப்படும் விடைத்தாளில் தங்கியிருக்கிறது.

அவள் தன் வினாக்கொத்து ஒன்றைக் கொணர்ந்து, சில மருத்துவச் சொற்களுக்குத் தமிழில் ஏற்ற சொற்கள் வேண்டினாள். விழுங்கற் கோளாறு, படுக்கைப் புண், நினைவிழப்பு என ஒன்றொன்றாகப் பார்த்து, நாற்பது சொற்கள் வரை எழுதிக் கொடுத்தேன். அடுத்து வரும் பிள்ளைகளுக்கு உதவுமென்று அவற்றை அவள் ஒரு கொப்பியில் தொகுத்து வருகிறாள். தமிழ் வழியில் யப்பானிய மொழி கற்போர்க்கு இத்தகைய நூல் அரிதாயிருத்தலால், அக்கொப்பி அச்சேறும் நாளை எதிர்பார்க்கிறேன். இதனை வாசிக்கும் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை: அவ்வூரிலேயே தரகர் ஒருவரிடம் இலட்சக்கணக்கில் கொடுத்து ஏமாந்த குடும்பம் உண்டு. பணம் கட்டுமுன் அந்நிறுவனம் வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெற்றதா என விசாரியுங்கள். மொழித் தேர்வில் நான்காம் தரமேனும் தேறாமல் முதியோர் இல்லத்துக்கு அனுப்புகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

நான் விடைபெற எழுந்தபோது, "போயிட்டு வாறன்" என்றேன். தாயார் சிறிது நாணத்தோடு, "இத்தே இரஷ்ஷாய்" என்று பதிலளித்தார்! நாம் 'போகிறேன்' என்று கூறாது 'போய் வருகிறேன்' என்பது போலவே, யப்பானியரும் வீட்டைவிட்டுப் புறப்படும்போது 'இத்தே கிமஸ்' என்பர். 'இத்தே' போய், 'கிமஸ்' வருகிறேன். வீட்டிலிருப்போர் 'இத்தே இரஷ்ஷாய்', போய் வாருங்கள், என்பர். மகள் விமானம் ஏறும் நாளில் சொல்லுவதற்காகத் தாயார் அதனை ஒரு வாரமாகப் பயின்றுகொண்டிருக்கிறாராம். 'ஷ்ஷ' என்ற இடத்தில் நாவு சற்றே இடறுகிறது. இன்னும் பதினொரு நாள்கள் உள்ளன.

நாலரை மணி பஸ் வண்டிக்கு அவளுடைய தம்பி என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி மண்முனைப் பாலத்தைக் கடந்து கொண்டுவந்து விட்டான். அவனும் ஹிரகனா எழுதத் தொடங்கியிருக்கிறான்.